துரத்தப்பட்டவரும் வரவேற்கப்பட்டவரும்

இவ்வாண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தபோது, சோழர் கங்கபாடியை வென்ற வரலாற்றையோ அல்சூர் சோமேசுவரர் கோயிலின் வரலாற்றையோ நான் எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவ்விரண்டையும் என்னினும் நன்கறிந்த அன்பர்கள் நம்மிடையே உளர். நான் எழுதப் புகுந்தது வேறொன்று. அதற்குக் காரணம் ஒரு சிறுவன்.

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, பொம்மனஹள்ளியில் பேருந்து ஏறிக் கஸ்தூரிபா சாலைக்குச் சென்றேன். அங்கே விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பொருட்காட்சிசாலையின் முன்புறத்தில், கூரிய மூக்கும் பின்சாய்ந்த இறக்கைகளும் கொண்ட போர்விமானம் ஒன்று நிற்பதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். 'மருத்' என்பது அதன் பெயர். இந்தியாவிலேயே வரைவு செய்து இந்தியாவிலேயே கட்டப்பெற்ற முதல் ஜெட் போர்விமானம் அது. "இதை வரைந்தவர் யார், தாத்தா?" என்று பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கேட்டான். "குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர், ஹிட்லர் காலத்தில் அந்நாட்டின் போர்விமானங்களை வரைந்தவர்" என்றேன். பையன் முகம் மலர்ந்தது. "ஹிட்லருக்கே செய்து கொடுத்தவரா! ஹிட்லர் எவ்வளவு பெரிய வீரர்!" என்றான்.

இக்கருத்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். அவன் அண்ணன் நடைபாதைக் கடையில் வாங்கிய ஹிட்லரின் நூல், தமிழ்ப் பெயர்ப்பாகவே, வீட்டில் இருக்கிறதாம். பையன் கெட்டவனல்லன், படிப்பில் சூட்டிகையானவன். அதனாலேயே எனக்குக் கவலை மிகுந்தது. அன்று பேருந்தில் திரும்பும்போது அவனுக்குச் சொல்லத் தொடங்கி, முடிக்க இயலாமற் போனதையே இங்கு எழுதுகிறேன்.

ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று பெர்லினில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். எட்டு நாளில் ஐரோப்பியப் போர் முடிந்தது. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்று குவித்த ஆட்சி அது. ஓராட்சி வீழ்ந்தால் அதனை நடத்தியவர்களும் வீழ்ந்துவிடுவார்கள் என்று நாம் எளிதில் எண்ணிக்கொள்கிறோம். நூரெம்பெர்க் நகரில் நடந்த முதற்பெரும் விசாரணையில் தீர்ப்புப் பெற்றோர் இருபத்திருவரே. அவருள் மரண தண்டனை பெற்றோர் பன்னிருவர். பின்னர் வேறு பல விசாரணைகளும் நடந்தன. ஆயினும் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் தொகை எண்பது இலட்சத்தை எட்டியிருந்தது. அத்தனை பேரும் எங்கே போயினர்? பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. தத்தம் அலுவலகங்களுக்கே திரும்பினர். யூதருக்குக் குடியுரிமை மறுத்த நூரெம்பெர்க் சட்டங்களுக்கு உரை வகுத்தவருள் ஒருவரான ஹான்ஸ் குளோப்கே, மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சரது அலுவலகத்தை 1953 முதல் 1963 வரை நடத்தினார். கொள்கையை வெளிப்படையாகக் கைக்கொண்ட கட்சியொன்றை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1952-இல் தடை செய்ததும் உண்டு. கொடி பிடித்தவனைத் தடுத்தார்கள். கோப்பு பிடித்தவனை விட்டுவிட்டார்கள்.

கல்வியும் தொழில்திறனும் உடையோர் கதை தனி. அமெரிக்கரும் ரஷ்யரும் அவர்களைப் போட்டியிட்டு அள்ளிச் சென்றனர். 1946 அக்டோபரில் ரஷ்யர் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஜெர்மானிய வல்லுநரைக் குடும்பத்தோடு இரயிலேற்றிக் கொண்டுபோயினர். வெர்னர் ஃபான் பிரௌன் கட்சியிலும் கறுப்புச் சட்டையரான எஸ்.எஸ். படையிலும் இருந்தவர். அவர் வரைந்த வி-2 ராக்கெட்டுகள் டோரா என்னும் முகாமின் சுரங்கங்களில் கைதிகளின் உழைப்பால் செய்யப்பட்டவை. அம்முகாமில் மாண்டோர் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர். 1969-இல் மனிதனைத் திங்களுக்குக் கொண்டுசென்ற ராக்கெட்டையும் அவரே அமைத்தார். உலகம் கைதட்டியது. நானும் அன்று கைதட்டியவனே.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜெர்மானியர் பெங்களூருக்கு வந்தது டாங்க் காலத்தில் தொடங்கியதன்று. முதலில் வந்தோர் துரத்தப்பட்டோர்.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய மாக்ஸ் போர்ன், யூதர் என்ற ஒரே காரணத்தால் 1933-இல் பதவி நீக்கப்பட்டார். அப்போது டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர் இன்றும் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவராயிருந்தவர், திருச்சியிற் பிறந்த சர். சி. வி. இராமன். நாடிழந்த மேதைகளை இங்கே குடியமர்த்தினால் நம் நாடு உயரும் என்று கருதிய இராமன், போர்னை அழைத்தார். 1935-ஆம் ஆண்டின் இறுதியில் போர்னும் அவர் மனைவியாரும் பெங்களூர் வந்து, ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கினர். அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி அளிக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் இராமன் முன்மொழிந்தபோது, ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். தன் நாட்டிலிருந்தே விரட்டப்பட்ட இரண்டாந்தர அயலான் ஒருவன் நமக்கு எதற்கு என்னும் பொருள்படப் பேசினார். போர்ன் அக்கூட்டத்திலேயே அமர்ந்திருந்தார். வீடு திரும்பி மனைவியிடம் அழுதுவிட்டதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். பதவி கிட்டவில்லை. 1936-இல் எடின்பரோ சென்றார். அவ்விரண்டாந்தர அயலாருக்கு 1954-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இராமனும் 1937-இல் தலைமைப் பதவியை விட்டு நீங்கினார்; அதற்குக் காரணங்கள் பல, இதுவும் ஒன்று.

வேற்றூரில் பிழைக்க வந்த நமக்கு, அந்த ஆங்கிலேயரின் சொல் சற்றுக் கூடுதலாகவே உறைக்கும். ஹிட்லரின் ஆட்சி ஒருவனைத் தள்ளியது. அவன் தள்ளப்பட்டவன் என்பதையே குற்றமாக்கி, ஹிட்லரைப் பகைத்த நாட்டினர் ஒருவரும் இங்கே தள்ளினார். நாஜிக் கட்சியில் உறுப்பினராகாமலே அதன் வேலையில் ஒரு பங்கைச் செய்ய முடியும் என்பதற்கு, மல்லேசுவரத்துக்கு அருகில் நடந்த அக்கூட்டத்தினும் வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

போர்னின் தங்கை மகன் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். பெர்லினில் கட்டடக் கலைஞராக அரசுப் பணியில் இருந்த அவரும் 1933-இல் வேலையிழந்தார். எகிப்தில் சில ஆண்டு கழித்து, 1939-இல் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக வந்து சேர்ந்தார். பசவனகுடி கிருஷ்ணராவ் பூங்காவின் மண்டபம் அவர் வரைந்தது. விஞ்ஞானக் கழகத்தின் உணவுக்கூடமும் விமானவியல் துறைக் கட்டடமும் அவர் கைவண்ணம். நாடு விடுதலையடைந்தபின் புவனேசுவரம் நகருக்குத் திட்டம் வகுத்தவரும், பிரிவினையால் அகதிகளானோர்க்கு வீடுகள் அமைக்கும் பணியில் மத்திய அரசுக்குத் துணைநின்றவரும் அவரே. அகதியாய் வந்தவர் அகதிகளுக்கு வீடு வரைந்தார்.

கோனிக்ஸ்பெர்கர் இந்தியாவை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில் டாங்க் வந்தார்.

பிரேமன் நகரத்து ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தின் வரைவுத் தலைவர் குர்ட் டாங்க். 1938-இல் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாது பறந்த காண்டர் விமானம் அவருடையது. போர்க்காலத்தில் அவர் வரைந்த எஃப்.டபிள்யூ. 190 என்னும் போர்விமானம் இருபதினாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. அவற்றைக் கட்டிய கைகள் யாவும் கூலிபெற்ற கைகளல்ல. போர் முற்றிய ஆண்டுகளில் ஜெர்மானிய விமானத் தொழில், பிடித்து வரப்பட்ட அயல்நாட்டாரையும் முகாம் கைதிகளையும் அடிமைகளாகக் கொண்டே நடந்தது. அந்நிறுவனமும் அதற்கு விலக்கன்று. போர் முடிந்தபின் டாங்க், பெட்ரோ மாத்தீஸ் என்ற பொய்ப் பெயருடன் 1947-இல் அர்ஜென்டினா சேர்ந்தார். அந்நாட்டின் அதிபர் பெரோன் அவர்க்கும் அவர் கூட்டத்தார்க்கும் கோர்டோபா நகரில் பட்டறை அமைத்துக் கொடுத்தார். 1955-இல் பெரோன் கவிழ்ந்தார்; ஜெர்மானியர் மீண்டும் வேலை தேட வேண்டியவராயினர்.

அவ்வேளையில் நம் நாட்டின் தேவையும் கூடிவந்தது. பெங்களூர் விமானத் தொழிற்சாலை 1940-இல் வால்சந்த் ஹீராசந்தாலும் மைசூர் அரசாலும் தொடங்கப்பெற்றது. கோட்டிங்கனில் பயின்று வந்த காட்கே என்னும் அறிஞர் தலைமையில் 1951-இல் பயிற்சி விமானம் ஒன்றை அது பறக்கவிட்டிருந்தது. ஆனால் ஒலியை மிஞ்சும் ஜெட் விமானம் வரையும் அனுபவம் இங்கு எவர்க்கும் இல்லை. மேலைநாடுகள் விற்பதற்கு முன்வருவன, கற்பிக்க முன்வருவனவல்ல. எனவே 1956-இல் டாங்க் தம் குழுவினருடன் பெங்களூர் வந்தார். மரத்தாலான மாதிரி ஒன்றை 1959-இல் மிதக்கவிட்டு ஆராய்ந்தனர். 1961 ஜூன் 17 அன்று, விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் ஓட்ட, மருத் விண்ணேறியது.

அந்த நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதே ஜூன் திங்களில் ஜெருசலேம் நகரில், கண்ணாடிக் கூண்டுக்குள் அடால்ஃப் ஐக்மன் நின்றுகொண்டிருந்தான். இலட்சக்கணக்கான யூதரைக் கொலைமுகாம்களுக்கு இரயிலேற்றியனுப்பும் வேலையை நடத்தியவன் அவன். அவனும் ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பொய்ப் பெயரோடு அர்ஜென்டினாவில்தான் ஒளிந்திருந்து 1960 மே திங்களில் பிடிபட்டான். 1962-இல் தூக்கிலிடப்பட்டான். டாங்கையும் ஐக்மனையும் ஒரே தட்டில் வைப்பது நீதியன்று. அவ்வாறு நான் வைக்கவுமில்லை. ஒருவர் இயந்திரம் வரைந்தவர். மற்றவன் கொலைக்குக் கணக்கெழுதியவன். ஆயினும் இருவரையும் ஒரே கதவு உள்ளே விட்டது. அக்கதவின் காவலர் கேட்ட கேள்வி, "உனக்கு என்ன தெரியும்?" என்பதே. "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டவரில்லை.

நம் காலனியில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் தந்தையார் அத்தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து மருத் கட்டியவர்களுள் ஒருவர். "ஜெர்மன் துரை ரிவெட்டு ஒன்று கோணலானாலும் விடமாட்டார்" என்று தந்தை சொல்லக் கேட்டதைப் பெருமையோடு கூறுவார். அத்துரை முன்பு யாருக்கு வேலை செய்தவர் என்று கேட்டீர்களா என்றேன். "அப்பா கேட்டிருக்கமாட்டார், வேலை இருந்ததே பெரிது" என்றார். அவரை நான் குறை சொல்லேன். கேட்டிருக்க வேண்டியவர்கள் ஃபிட்டர்கள் அல்லர்.

மருத்தின் பிற்கதை துயரமானது. உருவம் சிறந்தது; இதயம் வலுவற்றது. எதிர்பார்த்த எஞ்சின் கிட்டாமையால் குறைந்த வலிமையுடைய ஆர்ஃபியஸ் எஞ்சின்களையே பொருத்தினர். ஒலியினும் இருமடங்கு விரைவை நாடிப் பிறந்த விமானம், ஒலியின் விரைவையே அரிதாகத் தொட்டது. எஞ்சின் தேடி எகிப்து வரை சென்றனர். அங்கே எஞ்சின் செய்துகொண்டிருந்தவர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்னும் ஆஸ்திரியர், எஸ்.எஸ். படையில் உயர்பதவி வகித்து, ரஷ்யரிடம் சிறைப்பட்டு, அவர்க்கும் எஞ்சின் செய்து கொடுத்துவிட்டு எகிப்துக்கு வந்தவர். டாங்கின் விமானத்தில் பிராண்ட்னரின் எஞ்சினைப் பொருத்தி நைல் நதிக்கரையில் பறக்கவிட்டனர். ஹிட்லர் ஆட்சியின் இரண்டு தொழிலாளர், இரண்டு ஏழை நாடுகளின் செலவில் மீண்டும் ஒன்றுகூடிய காட்சி அது. அம்முயற்சியும் நிறைவேறவில்லை. டாங்க் 1967-இல் இந்தியாவை விட்டுச் சென்று, 1983-இல் மியூனிக்கில் இறந்தார். மருத் 147 கட்டப்பட்டன. 1971 போரில் மேற்கெல்லையில் நன்கு போரிட்டன. 1990-இல் ஓய்வு பெற்றன.

டாங்கின் பெயர் தமிழ்நாட்டிலும் ஓரிடத்தில் பதிந்திருக்கிறது. சென்னை குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்கள் 1949-இல் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியில் விமானவியல் பயின்றவர் அப்துல் கலாம். தம் ஆசிரியர்களை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அவர் நினைவுகூர்கிறார். ஸ்பாண்டர் என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் ஒருவர். போர்க்காலத்தில் நாஜிகளிடம் அகப்பட்டு வதைமுகாமில் அடைபட்டிருந்தவர். ஆதலால் ஜெர்மானியரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் பணியாற்றிய துறைக்குத் தலைவர் ரெபெந்தின் என்னும் ஜெர்மானியர்! டாங்கையும் அங்கிருந்த புகழ்பெற்ற பேராசிரியராகவே கலாம் குறிப்பிடுகிறார். சிறைப்பட்டவரும், சிறைப்படுத்திய நாட்டின் போர்விமானம் வரைந்தவரும் குரோம்பேட்டையின் புழுதியில் ஒரே மாணவர் கூட்டத்துக்குப் பாடம் சொன்னார்கள். அம்மனத்தாங்கலையும் மீறி ஸ்பாண்டர் தம் தொழிலின் தரத்தைக் காத்தார் என்று கலாம் எழுதுகிறார்.

இதுவரை சொன்னது ஆட்கள் பிழைத்த கதை. கொள்கை பிழைத்த கதைக்குக் கல்கத்தா செல்ல வேண்டும்.

மாக்சிமியானி போர்ட்டா என்னும் பெண்மணி 1905-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். தந்தை வழியில் கிரேக்கத் தொடர்பும் தாய் வழியில் ஆங்கிலத் தொடர்பும் உடையவர். ஆரியர் நாகரிகம் அழியாதிருக்கும் நாடு எனக் கருதி 1932-இல் இந்தியா வந்தார். சாவித்திரி தேவி என்று பெயர் புனைந்துகொண்டார். சேலை உடுத்தார், நம் மொழிகளைக் கற்றார். நாஜிகளை ஆதரித்துக் கல்கத்தாவில் இதழ் நடத்திய அசித் கிருஷ்ண முகர்ஜியை 1940-இல் மணந்தார். நம் நாட்டுச் சாதிப் பிரிவை இனத்தூய்மை காக்கும் ஏற்பாடு என்று போற்றினார். அந்த ஏணியில் நம்மைப் போன்றோர்க்கு எந்தப் படி என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

போர் முடிந்தபின் இவர் அடங்கவில்லை. 1948-இல் ஜெர்மனிக்குச் சென்று, ஓடும் இரயிலிலிருந்து ஹிட்லரைப் போற்றும் துண்டறிக்கைகளை வீசினார். 1949-இல் பிடிபட்டு, மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, வெர்ல் சிறையில் சில திங்கள் இருந்து விடுதலையானார். பின்னர் கல்கத்தாவில் 1958-இல் அச்சேறியது இவருடைய 'மின்னலும் ஞாயிறும்' எனப் பொருள்படும் ஆங்கில நூல். எகிப்து மன்னன் அக்னாட்டனை ஞாயிறாகவும், செங்கிஸ்கானை மின்னலாகவும், ஹிட்லரை இரண்டும் கூடியவராகவும் வைத்து, கல்கி அவதாரத்துக்கு முன்னோடி என்றே அவரைச் சித்திரித்தது அது. புலால் உண்ணாதவர் இவர். தெருப் பூனைகளை வீட்டில் வைத்துப் பேணியவர். உயிர்வதை கூடாதென்று தனிநூலே எழுதியவர். அறுபது இலட்சம் மனிதவுயிர்களின்பால் அவ்விரக்கம் செல்லவில்லை.

அந்நூலைக் கல்கத்தாவில் எவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கொரு வினோதக்காரர் இருக்கும் ஊர் அது. வெள்ளைக்கார அம்மாள் ஏதோ எழுதுகிறார் என்று விட்டிருப்பார்கள். கடல் கடந்த இடங்களில் அது வேர் பிடித்தது. 1962-இல் இங்கிலாந்தில் பல நாட்டு நாஜிப் பற்றாளர் கூடிச் சங்கம் அமைத்தபோது இவரும் உடனிருந்தார். 1966-இல் அமெரிக்க நாஜிகள் தம் இதழின் முதல் வெளியீட்டிலேயே அந்நூலைச் சுருக்கி வெளியிட்டனர். கணவர் 1977-இல் இறந்தபின் டில்லியில் தனித்து வாழ்ந்து, 1982-இல் இங்கிலாந்தில் இறந்தார். இவர் சாம்பல் அமெரிக்க நாஜிகளிடம் போய்ச் சேர்ந்தது. போருக்குப் பின் பிறந்து, ஹிட்லரைக் கண்ணாலும் காணாத இளைஞர்களுக்கு அவரைத் தெய்வமாக்கிக் கொடுத்த நூல் நம் நாட்டு அச்சகத்தில் பிறந்தது என்பது, நாம் நெடுங்காலம் அறியாதிருந்த செய்தி.

நம் தமிழரிடையே ஹிட்லரைப் பற்றிய ஒருவகை மயக்கம் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஆங்கிலேயனுக்குப் பகைவன் நமக்கு நண்பன் என்று அன்று எண்ணினோம். நேதாஜி பெர்லின் சென்றதும் நம் நினைவில் உண்டு. 1942 மே திங்களில் நேரிற் கண்டபோதும், இந்திய விடுதலையை அறிவிக்க ஹிட்லர் இசையவில்லை என்பது நம் நினைவில் இல்லை. திருவனந்தபுரத்துத் தமிழரான செண்பகராமன், ஹிட்லரையே மன்னிப்புக் கேட்க வைத்தார் என்னும் கதையைச் சங்க மலர்கள் பலவற்றில் படித்திருக்கிறோம். அவர் 1934 மே 26 அன்று பெர்லினில் இறந்தார். ஒருவரை மன்னிப்புக் கேட்க வைத்ததற்காக ஒரு கை தட்டுகிறோம். மன்னிப்புக் கேட்க வேண்டியவரையே வீரர் என்று மறு கை தட்டுகிறோம்.

அப்பையனை மறுவாரம் வீட்டுக்கு அழைத்து, அண்ணனின் நூலையும் கொண்டுவரச் செய்தேன். இந்தியாவைப் பற்றிய பகுதி எங்கே என்று தேடினோம். நம் விடுதலை வீரர்களை வாய்ச்சொல் வீரர் என எள்ளி, இந்தியா வேறெவர் கையிலும் போவதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே விரும்புவதாக ஹிட்லர் எழுதிய கருத்தைக் காட்டினேன். பையன் இருமுறை படித்தான். "அண்ணன் இந்தப் பக்கம் வரை படிக்கவில்லை போலும்" என்றான்.

பின்பு போர்ன் அழுததையும் ஸ்பாண்டர் கதையையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த ஸ்பாண்டர் வாத்தியார் ஏன் அங்கே வேலை செய்தார், தாத்தா? ஊருக்கே திரும்பிப் போயிருக்கலாமே?" என்று கேட்டான்.

எந்த ஊருக்கு என்று கேட்டேன்.